நளன் பூட்டிய குதிரைகள்

சென்ற சனிக்கிழமை திருநள்ளாற்றுக்குச் சென்றிருந்தோம். நளதீர்த்தத்தில் நீராடி, தர்ப்பாரண்யேசுவரரையும் சனீசுவர பகவானையும் தரிசித்து வெளியே வந்தால், வீதியோரத்தில் ஒரு சிறு கூட்டம். நடுவே, இருவர் மட்டுமே அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. அதன் சொந்தக்காரரான காரைக்கால் வாலிபர், அதை நெடுநேரம் ஓடும் பந்தய வண்டியாக மாற்றப் போகிறாராம்.

"மந்தன் என்று பெயர் பெற்ற கிரகத்தின் சந்நிதியிலா வேகத்துக்கு வரம் கேட்பது?" என்றோம். வாலிபர் சிரித்தார். உடன் வந்திருந்த அவருடைய தாயார் சிரிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், அவர் வந்தது சரியான இடத்துக்குத்தான். நளமகாராஜனைவிடச் சிறந்த சாரதி நம் புராணங்களில் யார்? அயோத்தியிலிருந்து விதர்ப்ப நாட்டுக்கு ஒரே பகலில் தேரோட்ட நேர்ந்தபோது, வாகுகன் என்ற பெயரில் மறைந்திருந்த நளன் இளைத்த குதிரைகளைத்தான் பொறுக்கி எடுத்தான். இருதுபன்ன மன்னன் முகம் சுளித்தான். ஆனால் நளன் பார்த்தது மினுமினுப்பை அல்ல; வழிநெடுகத் தாங்கும் சக்தியை.

இவ்வகைப் பந்தயத்துக்கு உலகப் பிரசித்தி பெற்ற ஊர் பிரான்ஸிலுள்ள லெ மான். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1923-ஆம் ஆண்டில் அங்கே 24 மணி நேரப் பந்தயம் தொடங்கிற்று. ஓட்டுகிறவர் மாறலாம்; வண்டி மாறக் கூடாது. அது பெரிய கம்பெனிகளின் களம். அதைப் பரிகாசம் செய்து, சாமானியர்களுக்காக அமெரிக்காவில் 2006-இல் ஏற்பட்ட பந்தயத்துக்கு 'லெமன்ஸ்' என்று பெயர். ஓட்டை வண்டியை எலுமிச்சம்பழம் என்பது அந்நாட்டு வழக்கு. நாம் புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அவர்களோ எலுமிச்சம்பழத்துக்கே சக்கரம் வைத்து ஓட்டுகிறார்கள்!

வண்டிக்கு 500 டாலருக்கு மேல் செலவிடலாகாது என்பது அவர்கள் வகுத்த விதி. ஆனால் பிரேக், சக்கரம், டயர், உயிரைக் காக்கும் சாதனங்கள் ஆகியவற்றின் செலவு அந்தக் கணக்கில் சேராது. கேலியில் பிறந்த பந்தயத்தில் எவ்வளவு விவேகம் பாருங்கள்!

வாலிபர் தம் செலவுப் பட்டியலை நம்மிடம் காட்டினார். முதல் வரி, என்ஜினின் சக்தியைக் கூட்டுவது. பிரேக், ஏழாவது வரியில் இருந்தது.

பட்டியலைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். பிரேக் எண்ணெய் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மீண்டும் மீண்டும் பிரேக் போட்டுச் சூடேறினால், அந்த எண்ணெய் கொதித்து ஆவியாகும்; அப்போது மிதிக்கும் கால் வெறுமனே கீழே போகும். 1953-இல் லெ மானில் ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றதற்கு டிஸ்க் பிரேக் பெருந்துணையாயிருந்தது. நன்றாக நிற்கும் வண்டிதான் துணிந்து ஓட முடியும். அடுத்தபடி, ஓட்டுபவரைச் சுற்றி எஃகுக் குழாய்க் கூடு, தோளையும் இடுப்பையும் பிணைக்கும் வார்கள், தீயணைக்கும் கருவி. அதன் பிறகு ரேடியேட்டரும் நைந்துபோன ரப்பர்க் குழாய்களும். நீண்ட வளைவுகளில் என்ஜின் எண்ணெய் ஒரு பக்கமாய் ஒதுங்கினால் பேரிங்குகள் தீய்ந்துபோகும். அதற்கு எண்ணெய்த் தொட்டியில் தடுப்புத் தகடு வேண்டும். வேகம் கடைசியில் வரட்டும்.

கையிலிருப்பதைக் கொண்டு சாதிக்க நம்மவர்களுக்கும் தெரியும். யுத்தகாலத்து விமானத் தளமான சோழவரத்தில் ஒரு காலத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. கோயமுத்தூர் எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் என்ஜினைக் கொண்டே பந்தய வண்டிகளை உருவாக்கி, இளைஞர்களுக்கு வழி திறந்தார். 1995-இல் அவர் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அயல்நாட்டு யந்திரத்துக்காகக் காத்திராத அந்த மனமே உண்மையான சுதேசி மனம்.

அதுவரை பேசாதிருந்த தாயார் சொன்னார்: "இது எவ்வளவு வேகமாகப் போகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொன்ன இடத்தில் நிற்குமா என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை, ஐயா!"

வாலிபர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு பென்சிலை எடுத்து, ஏழாவது வரிக்கு எதிரே '1' என்று எழுதினார்.

சனி பகவான் சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் ஒரு சுற்றையும் அவர் பாதியில் விட்டதில்லை!