மீன் தொட்டியைச் சுத்தம் செய்ய 'கோபி' வாங்கலாமா? வேண்டாம்... ஏன்?

கோபி என்றால் கொங்கு மக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கோபிசெட்டிபாளையம்தான். ஆனால், கோவையில் கடல்நீர் மீன் தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டால், மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகத் துப்பும் ஒரு சின்ன மீனைச் சொல்வார்கள். காவிரியில் கிடைக்கிற உளுவை மீனுக்கு இது கடல் பக்கத்துச் சொந்தம்.

'மணலைச் சுத்தம் பண்ணும் மீன்' என்று நம்பித்தான் பலரும் இதை வாங்குகிறார்கள். சிக்கலே அங்கேதான்.

அது சுத்தம் செய்யவில்லை, சாப்பிடுகிறது!

வெப்பமண்டலக் கடல்களில் பவளப்பாறைகளை ஒட்டிய மணல்தான் இதன் வீடு. ஒரு வாய் மணலை அள்ளி, அதிலுள்ள நுண்ணிய புழுக்கள், இறால் போன்ற குட்டி உயிரிகளை வடிகட்டித் தின்றுவிட்டு, மிச்ச மணலை வெளியே தள்ளும். பகல் முழுக்க இதே வேலைதான். பெரும்பாலும் ஜோடியாக, கல்லுக்கு அடியில் வளை தோண்டி வாழும்.

கோபிகளில் இன்னொரு வகை, வளையைக்கூடத் தோண்டாது. பார்வை மங்கிய ஒருவகை இறால் தோண்ட, மீன் வாசலில் காவல் நிற்கும். இறால் தன் உணர்கொம்பை மீன்மீது வைத்தபடியே வேலை பார்க்கும். மீன் வாலைச் சிலுப்பினால் ஆபத்து என்று அர்த்தம். அடுத்த நொடி இரண்டும் வளைக்குள்!

தொட்டியில் என்ன ஆகிறது?

கழுவிக் கொட்டிய புது மணலில் இரையே இருக்காது. பழைய தொட்டி என்றாலும், சின்னதாக இருந்தால் சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்புறமும் மீன் மணலை அள்ளிக்கொண்டேதான் இருக்கும். 'நல்லா சாப்பிடுதே' என்று தோன்றும். உண்மையில் அது பட்டினி கிடக்கும். வயிறு ஒட்டிப்போன பிறகுதான் விஷயமே புரியும்.

அப்போ என்ன செய்யலாம்?

மணல் அழுக்கானால் சைபன் குழாய் போதும். அதற்காக ஓர் உயிரை வாங்க வேண்டியதில்லை. அழகுக்குக் கடல் மீன்தான் வேண்டுமென்றால், பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீனைக் கேட்டு வாங்கலாம். அதற்கான தொழில்நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கியிருக்கிறது. மணல் அள்ளும் கோபிகளோ பெரும்பாலும் கடலிலிருந்து பிடித்து வரப்படுபவை.

ஏற்கெனவே வாங்கியாச்சா? தரையில் தங்கும் இரையைத் தினமும் பலமுறை கொடுங்கள். தொட்டிக்கு மூடியும் அவசியம். மிரண்டால் வெளியே குதித்துவிடும்.