வாயிலைத் திறந்துவிட்டு விளக்கை அணைப்பதா?

க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் கற்பிட்டித் தீபகற்பத்தின் ஊர்களிலே பாராட்டு விழாக்கள் தொடங்கிவிடும். மாணவருக்கு மாலை, அதிபருக்குப் பொன்னாடை, மேடையிலே அரசியற் பிரமுகர், முன்வரிசையிலே பெற்றோர். விழா முடிகிறது, பந்தல் பிரிக்கப்படுகிறது. மறுநாள் அதே மாணவன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பாடநெறியை முதலாவதாக எழுதுவது என்று கேட்பதற்கு ஓர் ஆளைத் தேடி அலைகிறான். மாலையிட்ட கனவான்கள் அப்பொழுது எங்கே போனார்கள்?

அக்கைந்நூல் எளிதான நூலன்று. பாடநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசைப்படி எழுதவேண்டும். அவ்வரிசையே மாணவனின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. தவறாக எழுதிவிட்டால் பின்னர் திருத்திக்கொள்வது எளிதன்று. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பட்டநெறி போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை வேறு உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை, நாள் கடந்த பின்னர் அறிந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் தம் மகளின் பத்திரங்களைப் பையிலே சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்தார். காணி உறுதி பார்க்கும் சட்டத்தரணியிடம் பாடநெறி கேட்க வரவேண்டிய நிலை அவருக்கு. நாம் சொன்னது அவருக்கு எவ்வளவு உதவியதோ அறியோம். அவர் வந்திருக்கவேண்டிய இடம் நமது அலுவலகம் அன்று.

இந்நாட்டிலே இலவசக் கல்வி 1945 இல் வந்தது. அதன் பின்னர் பல்கலைக்கழக வாயிலில் யார் நுழைவது என்பது பற்றியே நமது அரசியல் பெரும்பாலும் போராடியது. 1971 இலே தரப்படுத்தல் வந்தபோது தமிழ்மொழி மூலம் தோற்றியவருக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்களமொழி மூலம் தோற்றியவருக்கு அதனிற் குறைந்த வெட்டுப்புள்ளி என்று வைத்த அநீதியை நாம் மறக்கவில்லை. பின்னர் மாவட்டப் பங்கீடு வந்தது. கல்வியிற் பின்தங்கியவை என்று கணிக்கப்பட்ட மாவட்டங்களிலே புத்தளமும் ஒன்று. இதனால் நம் பிள்ளைகள் பயனடைகிறார்கள் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: பின்தங்கிய மாவட்டம் என்று அரசே ஒப்புக்கொண்டு ஒரு பிள்ளையை உள்ளே அழைத்தால், அந்தப் பின்னடைவை ஈடுசெய்யும் கடமையும் அவ்வரசுக்கு இல்லையா? இடத்தைக் கொடுத்தோம், இனி உன் பாடு என்று கைகழுவுவது எந்த நியாயம்?

வெங்காயத்திலே நோய் கண்டால் விவசாயி விவசாயப் போதனாசிரியரை நாடலாம். அவர் சம்பளம் பெறும் அரசாங்க அலுவலர். வறியவர் மீது வழக்கு வந்தால் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. பயிருக்கு ஆலோசகர் உண்டு, வழக்குக்கு ஆலோசகர் உண்டு. பதின்மூன்று ஆண்டுகள் படிக்கவைத்த பிள்ளைக்கு மட்டும் அண்டை வீட்டு அண்ணனின் அபிப்பிராயமே கதியா? இதே தீபகற்பத்தின் நுரைச்சோலையிலே 900 மெகாவாற் அனல்மின் நிலையத்தை எழுப்ப அரசுக்குப் பணம் கிடைத்தது. பாடசாலைகளிலே ஆலோசனை வழங்கும் ஆசிரியர் உண்டே என்பார்கள். கற்பித்தற் சுமையோடு மேலும் ஒரு சுமையாக அதை ஏற்றிருக்கும் ஆசிரியரை நாம் குறைகூறவில்லை. அவர் தலையிலே கட்டியவர்களைக் கேட்கிறோம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. வடமேல் மாகாணத்தின் அரச பல்கலைக்கழகமாகிய வயம்பவும் குளியாப்பிட்டியிலும் மாகந்துரையிலும் இருக்கிறது. அங்கே போதனை ஆங்கிலத்தில். தமிழிலே கற்கவேண்டுமாயின் பெரும்பாலும் யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் என்று தூரதேசம் போகவேண்டும். உயர்தரம் வரை தமிழிலே படித்த பிள்ளை முதலாண்டிலே ஆங்கில விரிவுரையில் திகைத்து நிற்கிறது. விடுதியிலும் அலுவலகத்திலும் சிங்களத்தில் அறிவித்தல். துயரம் தாங்காமல் ஆலோசகரிடம் போனாலோ, அவர் பெரும்பாலும் மேலதிகக் கடமையாக அப்பதவியை வகிக்கும் விரிவுரையாளர். தமிழ் தெரிந்தவராக இருந்தால் அது அதிர்ஷ்டம். மனத்தின் வேதனையைத் தாய்மொழியிற் சொல்வதே அரிது. இரவல் மொழியில் எவ்வாறு சொல்வது?

சட்டத்தைப் பார்ப்போம். பாடநெறி ஒன்று ஒரு தேசிய மொழியிலே நடந்தால் மற்றைய மொழியில் கற்றுவந்தவருக்கு அம்மொழியிலும் நடக்கவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை. ஆனால் அதே பாடநெறி வேறொரு பல்கலைக்கழகத்தில் மற்றைய மொழியில் இருந்தாற் போதும் என்று காப்புவாசகம் தப்பவிடுகிறது. ஆங்கிலத்திலே கற்பிக்கும் நிறுவனத்துக்கும் விலக்கு உண்டு. ஆகவே விரிவுரையைத் தமிழில் நடத்து என்று இவ்வுறுப்புரையைக் காட்டி வாதாடுவது கடினம், ஒப்புக்கொள்கிறோம். ஆயின் 22 ஆம் உறுப்புரை வேறு விடயம். சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள இடத்திலும் ஒருவர் அலுவலரோடு தமிழிலே தொடர்புகொண்டு தமிழிலே பதில் பெறும் உரிமையை அது வழங்குகிறது. அரசின் பணத்திலே நடக்கும் பல்கலைக்கழகத்தின் விடுதிப் பொறுப்பாளரும் மாணவர் நலன்புரி அலுவலரும் சம்பளம் பெறும் ஆலோசகரும் இதற்குள் அடங்குவர் என்பதே நமது வாதம். தமிழில் ஆலோசனை கேட்பது சலுகைக்கு ஏங்குவதன்று, உரிமையைக் கேட்பது.

பகிடிவதையைப் பற்றியும் ஒரு சொல். பேராதனையிலே 1997 இல் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார்; மறு ஆண்டு 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறை என்கிறது சட்டம். கொடிய குற்றத்துக்கு அதனினும் அதிகம். முறைப்பாட்டை யாரிடம், எந்த மொழியிற் சொல்வது என்று தெரியாத பதின்பருவப் பிள்ளைக்கு அச்சட்டம் வெறும் கடதாசி. பணத்தைப் பற்றிச் சொன்னால், மகாபொல உதவித்தொகை 2025 இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்ந்தது. அறை வாடகையைக் கொடுத்த பெற்றோரே மிகுதியைச் சொல்லட்டும்.

வளர்ந்த பிள்ளைக்கு வழிகாட்டி எதற்கு, கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டிக்கு யார் வழிகாட்டினார் என்று சிலர் கேட்கக்கூடும். 1859 இலே தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய அம்மேதை வாழ்ந்த காலத்திலே இலங்கையிற் பல்கலைக்கழகமே இல்லை. நூற்றாண்டுக்கு ஒருவரைக் காட்டி ஆயிரம் பேரைக் கைவிடுவது கொள்கையாகுமா?

தமிழ் மாணவரை அனுமதிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் முழுநேரத் தமிழ் ஆலோசகர் வேண்டும். விண்ணப்ப காலத்திலே கற்பிட்டியில் தமிழ்மொழி வழிகாட்டல் நிலையம் வேண்டும். சுமார் 40 கிலோமீற்றர் கடந்து பாலாவிக்கு அப்பால் ஓடச்சொல்லலாகாது. 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும், மீனவர் பிள்ளைகளும், தோட்டக்காரர் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமரவேண்டிய நிலையம் அது. அரசு தரும்வரை காத்திருக்கலாமா? வைத்தியர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே! அடுத்த பெறுபேறு வந்ததும் பொன்னாடையை வீட்டிலே வைத்துவிட்டு, விண்ணப்பம் முடியும்வரை வாரம் ஒரு நாள் பாடசாலை மண்டபத்திலே வந்து அமருங்கள். பல்கலைக்கழகங்களிலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் பெற்ற பெற்றோர் அவற்றின் பிரதிகளை எடுத்து வாருங்கள். 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தாலமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதும் வேலையை நாம் கட்டணமின்றி ஏற்கிறோம்.