வயிற்றில் குடியிருக்கும் காவல்காரர்கள்

போன வாரம் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு மாதக் கைக்குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை, பாலும் நன்றாகக் குடிக்கிறான். ஆனாலும் தாய் மனசு கேட்கிறதா? கையில் ஒரு பாட்டிலோடு வந்து நின்றாள்.

"பெரியம்மா, மூத்தவளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்ட்டிபயாடிக். பாதி மிச்சம் இருக்கு. அரை ஸ்பூன் கொடுக்கட்டுமா?"

"கொடேன், நம்ம வீட்டில் வழக்கம்தானே" என்றார் அவள் மாமியார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? என் பிள்ளைகளுக்கு இப்படி மிச்ச மருந்தைக் கொடுத்தவள்தான். சளி போகவில்லை, வயிற்றுப்போக்குதான் வந்து சேர்ந்தது! காரணம் பிற்பாடு படித்தபோதுதான் புரிந்தது.

சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆன்ட்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. அது கொல்வது பாக்டீரியாக்களை. அதிலும் நல்லது கெட்டது பார்க்காமல், குடலில் இருக்கும் நல்லவற்றையும் சேர்த்து அழித்துவிடும்.

கிருமியில் நல்லது உண்டா என்று கேட்காதீர்கள். பாலைத் தயிராக்குவது யாராம்? தாய்ப்பாலையே பாருங்கள். லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதில் அதிகம் இருப்பது ஒருவகைச் சர்க்கரைகள். குழந்தையால் அவற்றை ஜீரணிக்கவே முடியாது. பின் யாருக்கு? குடலில் இருக்கும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கு! அவை அதைத் தின்று அமிலம் சுரக்க, கெட்ட கிருமிகளுக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. பெற்றவள் பிள்ளைக்கு மட்டுமல்ல, அவன் வயிற்றுக் காவல்காரர்களுக்கும் சேர்த்துத்தான் பரிமாறுகிறாள்.

நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அணுக்களில் பெரும்பங்கு இருப்பது குடல் சுவரை ஒட்டித்தான். எவன் வேண்டியவன், எவன் விரோதி என்று அவை பழகிக்கொள்வது இந்தக் கிருமிகளோடுதான். கிருமியே அண்டாமல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த எலிகளுக்கு எதிர்ப்புச் சக்தி சரியாக வளர்வதில்லை.

ஒடிசா கிராமங்களில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் பினாகி பாணிக்ரஹி குழுவினர், தாய்ப்பால் குடிக்கும் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளில் ஒரு பாதிக்கு, லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற நல்ல பாக்டீரியாவை அதற்கான தீனியோடு ஏழு நாள் கொடுத்தார்கள். முடிவு 2017-இல் வெளியானது. ரத்தத்தில் நச்சுத் தொற்றோ மரணமோ, கொடுக்காத குழந்தைகளில் நூற்றுக்கு 9, கொடுத்தவர்களில் 5.4. கொடுத்தது வயிற்றுக்கு, ஆனால் மூச்சுறுப்புத் தொற்றுகூடக் குறைந்திருந்தது! அதற்காகக் கடையில் ஏதோ ஒரு பொட்டலத்தை வாங்கி நாமாகவே கொடுத்துவிடக் கூடாது. அது டாக்டர் மேற்பார்வையில் நடந்த காரியம்.

ஆன்ட்டிபயாடிக்கே விஷம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் உயிர் காக்கும். சொன்ன நாள் வரை கொடுத்தே தீர வேண்டும். (மூத்தவளுக்கு ஏன் பாதி மிச்சமானது என்று கேட்டேன். பதில் இல்லை!) குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இத்தனையும் கேட்டுவிட்டு அவள் பாட்டிலை ஓரமாக வைத்தாள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். மாமியார் மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சுருக்குப் பையை அவிழ்த்து, எப்போதோ மிச்சமான இரண்டு மாத்திரைகளை எடுத்தார்.

"தும்மல் வந்தா நான் இதைத்தான் போட்டுக்கறேன். இதுவும் அதேதானா, பாரேன்!"