அடித்தால் பக்தி வருமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சில கிறிஸ்தவ வீடுகளில் ஒரே சத்தம்.

"எழுந்திருடா! ஆராதனைக்கு நேரமாச்சு!" என்று தகப்பனார் அதட்டுகிறார். பையன் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். தாயார் கெஞ்சுகிறார். கடைசியில் முதுகில் ஓர் அடி விழுகிறது. பையன் அழுதுகொண்டே ஆலயத்துக்குப் போகிறான்.

இப்படிப் போனால் பக்தி வருமா? பயம் வரும். வெறுப்பும் வரும். பக்தி வராது.

"அப்படியானால் விட்டுவிடுவோம். பெரியவன் ஆனதும் அவனே தெரிந்துகொள்வான்" என்று சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. "வளர்ந்த பிறகு தானே சமைத்துச் சாப்பிடுவான்" என்று எந்தத் தாயாவது குழந்தைக்குச் சோறு போடாமல் இருப்பாளா?

அடிக்கவும் கூடாது; விட்டுவிடவும் கூடாது. பிறகு என்னதான் செய்வது?

தறி சொல்லும் பாடம்

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் களம்பூர். இந்த வட்டாரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது.

தறியில் பாவு தீர்ந்து போகும் நேரத்தில் நெசவாளி என்ன செய்கிறார்? பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்குகிறார். ஒவ்வோர் இழையாக, ஆயிரக்கணக்கான இழைகளையும் அப்படியே இணைக்க வேண்டும். மொத்தமாக ஒரே முடிச்சாகப் போட்டால் சேலை வராது. சிக்குத்தான் வரும்.

பெற்றோரின் பக்தி பிள்ளைக்குப் போய்ச் சேருவதும் இப்படித்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது சேரும்.

இதற்கு இந்த வட்டாரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அதுதான் ஸ்கடர் குடும்பத்தின் வரலாறு.

ஏழு மகன்கள்

ஜான் ஸ்கடர் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் டாக்டராக இருந்தவர். நல்ல வருமானம். அதை விட்டுவிட்டு 1819-ம் ஆண்டில் மனைவி ஹாரியட்டுடனும் கைக்குழந்தையுடனும் கப்பல் ஏறினார். வழியில், கல்கத்தாவில், அந்தக் குழந்தை இறந்துபோனது. ஆனாலும் அவர்கள் திரும்பிப் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணி செய்தார்கள். 1836-ல் சென்னைக்கு வந்தார்கள்.

தாயார் ஹாரியட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த நாளையும், அந்தப் பிள்ளைக்காகக் கடவுளிடம் மன்றாடும் நாளாக அவர் வைத்துக்கொண்டார்.

அவர் 1849-ல் காலமானார். பலன் என்ன தெரியுமா? அவருடைய மகன்களில் ஏழு பேர் தமிழ் நாட்டிலும் அதன் எல்லையிலும் மிஷன் பணிக்கு வந்தார்கள். 1853-ல் ஆற்காடு மிஷன் தொடங்கியது. வேலூர், சித்தூர், ஆரணி ஆகியவை அதன் முதல் நிலையங்கள். 1866-ல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவரும் ஒரு மகன்தான்.

மறுத்த மகள்

"பக்தியுள்ள வீடு. பிள்ளைகளும் அப்படியே வளர்ந்தார்கள். இதில் என்ன அதிசயம்?" என்று கேட்கலாம். சற்றுப் பொறுங்கள்.

ஏழு மகன்களில் ஒருவரின் பெயரும் ஜான். அவருடைய மகள் ஐடா. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இவருக்கு மிஷன் வாழ்க்கையே பிடிக்கவில்லை.

அதற்குக் காரணமும் இருந்தது. ஐடா சிறுமியாக இருந்தபோது அவரை அமெரிக்காவில், சிகாகோ நகரில், உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் பணிக்காக இந்தியா திரும்பினார்கள். தாயைப் பிரிந்த அந்தத் துயரம் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது.

இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பெரியவர்களின் பக்திக்குச் சில சமயம் குழந்தைகள் விலை கொடுக்கிறார்கள். கூட்டம், கமிட்டி, கன்வென்ஷன் என்று அலையும் தகப்பனாருக்கு மகனோடு பேச அரை மணி நேரம் கிடைப்பதில்லை. கடவுள் தன் அப்பாவைப் பறித்துக்கொண்டதாக அந்தப் பிள்ளை நினைத்தால், அது பிள்ளையின் குற்றமா?

ஒரே இரவில் மூன்று சாவு

1890-களின் தொடக்கம். தாயாருக்கு உடல்நலம் இல்லை என்று ஐடா திண்டிவனத்துக்கு வந்தார். பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

ஓர் இரவு மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர். ஒருவர் முஸ்லிம். இன்னொருவரும் இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தகப்பனார் டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வரக் கூடாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஐடாவோ டாக்டருக்குப் படிக்காதவர்.

விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

ஐடாவின் மனம் மாறியது. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்தார். 1899-ல் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் சிறிய அளவில் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-ல் ஆஸ்பத்திரி, 1909-ல் நர்சு பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று அந்தப் பணி வளர்ந்தது. 1960-ல் அவர் காலமானார். இன்று உலகம் அறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இப்படி வளர்ந்ததுதான்.

யாரும் ஐடாவை அடித்து அந்தப் பணிக்கு இழுத்து வரவில்லை. முடிவு அவருடையது. ஆனால் துன்பப்படுகிறவரைப் பார்த்தால் சும்மா இருக்கக் கூடாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பிறந்த வீட்டிலிருந்து வந்தது. நோயாளிகளுக்காகத் தகப்பனார் உழைத்ததை அவர் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர்.

பெற்றோர் செய்ய வேண்டியது

தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது பவுல் யாரைக் குறிப்பிடுகிறார்? பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான். முதல் பள்ளிக்கூடம் வீடுதான்.

இரவில் பத்து நிமிஷம் செல்போனை மூடிவையுங்கள். குடும்பமாக உட்கார்ந்து ஜெபியுங்கள். பிள்ளையும் தன் சொந்த வார்த்தையில் இரண்டு வரி சொல்லட்டும்.

கடன்காரர் வந்தால், "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்று குழந்தையை அனுப்பாதீர்கள். அந்த ஒரு பொய், நூறு பிரசங்கத்தை அழித்துவிடும்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். பக்கத்து வீட்டார் எந்த மதத்தவராக இருந்தாலும் மரியாதையாகப் பேசுங்கள். ஐடாவின் மனதை மாற்றிய மூன்று பெண்களும் கிறிஸ்தவர்கள் அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

பிள்ளை சந்தேகம் கேட்டால் அதட்டாதீர்கள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள்.

நாளை பிள்ளை படிப்புக்காகவும் வேலைக்காகவும் வெளியூர் போவான். களம்பூரில் உள்ள ஆரணி ரோடு நிலையத்தில் பெட்டியோடு ரெயில் ஏறுவான். ஹாஸ்டல் அறையில் ஞாயிற்றுக்கிழமை அவனை எழுப்ப அப்பாவின் குரல் இருக்காது. பிரம்பும் இருக்காது.

அன்று அவனோடு வருவது ஒன்றே ஒன்றுதான். அப்பாவும் அம்மாவும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அவன் கண்ணால் பார்த்த நினைவு.

அந்த நினைவைச் சம்பாதித்துக் கொடுங்கள். அதைவிடப் பெரிய சொத்து வேறு இல்லை.