உரிமமும் கண்காணிப்பும்

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பெற்றது. வெறிநாய்க்கடி மருந்துக்குப் பெயர்பெற்றது. அரசு நிறுவனமான அதன் தடுப்பூசி உற்பத்தி உரிமத்தை, தரநெறிகள் பின்பற்றப்படவில்லை எனக் கூறி, 2008இல் அரசே நிறுத்திவைத்தது. தடுப்பூசித் தட்டுப்பாட்டால் மக்கள் இடருற்றனர். 2010இல்தான் தடை நீங்கியது. காலந்தாழ்ந்த கண்காணிப்புக்கு மக்கள் தந்த விலை அது.

மனிதக் கருவை ஆராய்வதில் இத்தகைய தாமதம் இன்னும் கொடிது. தரங்குறைந்த தடுப்பூசியைப் பின்னரும் சோதித்தறியலாம். கருவாய்வில் நேரும் வரம்புமீறலோ ஆய்வகக் கதவுக்குள்ளேயே மறைந்துபோகும். ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாள்களுக்குமேல் வளர்க்கலாகாது என்கின்றன இந்தியாவின் 2017ஆம் ஆண்டுக் குருத்தணு ஆய்வு நெறிமுறைகள். அந்நாள்களை எண்ணுபவர் ஆய்வாளர் மட்டுமேயானால் போதுமா? முன்னறிவிப்பின்றி வந்து பதிவேட்டைப் புரட்டும் அதிகாரியும் வேண்டும்.