பிரிப்பதற்கு முன்பே

பெற்றோரிடமிருந்து பிரித்த பிள்ளைகளைப் பராமரிக்க அமெரிக்க மத்திய அரசு தாராளமாகப் பணம் தந்தது. பிரியாமல் காப்பதற்கோ கையை இறுக்கியது. 2018-இல் வந்த 'குடும்பமே முதலில்' சட்டம்தான் அந்த நிதியைப் போதை மீட்பு, மனநலச் சிகிச்சை, பெற்றோர் பயிற்சி ஆகியவற்றுக்கும் திறந்துவிட்டது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது கேரன் பாஸ் செய்ததும் முக்கியம்: பெற்றோரைப் பிரிந்து வளர்ப்புப் பராமரிப்பில் வளர்ந்த இளைஞர்களை வாஷிங்டனுக்கு வரவழைத்து, ஒரு நாள் முழுக்க உறுப்பினர்களோடு இருக்கச் செய்தார். சட்டத்தின் வலியை அனுபவித்தவர்களிடம் கேட்காமல் அதை எப்படித் திருத்த முடியும்? கொடுமைக்கு ஆளான பிள்ளைக்குப் புது வீடு தேவைதான். ஆனால் வறுமையைப் புறக்கணிப்பு என்று பதிவுசெய்து பிள்ளையைத் தூக்கிச் செல்வது அநியாயம். வாடகைக்கு வழியில்லாத தாய்க்குத் தேவை வாடகைப் பணம். அவள் பிள்ளைக்கு வேறொரு தாய் அல்ல.