மண்ணெண்ணெயின் சூடு எங்கே போகின்றது?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று மீண்டும் தோட்டம் செய்ய நினைத்ததும் நீரிறைக்கும் இயந்திரத்திற்குத்தான் கடன் தேடுகின்றது. கடன்படுவதென்று ஆகிவிட்டது, பெரிய இயந்திரமாகவே வாங்கிவிடுவோம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். இந்த எண்ணத்தோடு எமக்கு உடன்பாடில்லை.

இயந்திரத்தினுள் எண்ணெய் எரிகின்றது. சூடேறிய வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றது. அந்தத் தள்ளல்தான் கிணற்று நீரை மேலே கொண்டுவருகின்றது. ஆனால் சிறிய இயந்திரங்களில் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வேலையாக மாறுகின்றது. ஐந்து போத்தல் மண்ணெண்ணெய் வாங்கினால் நான்கு போத்தல் காற்றைச் சூடாக்கவே போய்விடுகின்றது. இது செய்தவர்களின் குறை மட்டுமன்று. வெப்ப இயந்திரம் எதற்கும் ஓர் எல்லை உண்டென்று பிரெஞ்சுப் பொறியியலாளர் சாடி கார்னோ 1824 இலேயே எழுதிவிட்டார். பெரிய இயந்திரத்தை அரை வேலைக்கு ஓட்டினாலோ அந்தப் பங்கு இன்னும் குறையும். நாலு பரப்பு மிளகாய்க்கு அது எதற்கு? அயலவர் இருவர் சேர்ந்து அளவான ஒன்றை வாங்கினால் கடனும் பாதியாகும்.

1990 இன் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் துளித் துளியாக எண்ணெய் எரித்தவர்கள் நாம். 2022 இல் மீண்டும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம். சிக்கனத்தை எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. எங்கே சிந்துகின்றது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

இறைத்த நீரையும் வெயில் கொண்டுபோகின்றது. ஒரு லீற்றர் நீர் ஆவியாகிப் போவதற்கு, அதே நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு வெப்பம் வேண்டும். மண்பானையில் கசிந்து ஆவியாகும் நீர் அந்த வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுப்பதால்தான் உள்ளேயுள்ள தண்ணீர் குளிர்கின்றது. பானைக்கு அது நன்மை, பாத்திக்கு நட்டம். ஆகவே உச்சி வெயிலில் இறைக்காமல் காலையிலோ மாலையிலோ இறைப்பதும், பாத்தியில் வைக்கோலோ சருகோ பரப்புவதும் எண்ணெயை மிச்சப்படுத்தும் வேலைகளே. இயந்திரத்தையும் நாலுபுறமும் தகரம் அடித்த கொட்டிலில் பூட்டி வைத்து ஓட்டக்கூடாது. காற்றால் குளிரும் இயந்திரத்திற்குக் காற்று வேண்டும். அதன் இறகுகளில் சேறு படிந்தால் சுரண்டிவிடுங்கள்.

அடுப்படியிலும் இதே கணக்குத்தான். உலை கொதித்த பின் எவ்வளவு விறகு தள்ளினாலும் சோற்றுப் பானையின் நீர் அதற்குமேல் சூடேறாது, ஆவிதான் கூடும். கொதி வந்ததும் நெருப்பை இழுத்து மூடியை வைத்தால் போதும். மூன்று கல் அடுப்பிலோ வெப்பத்தின் பெரும்பகுதி பானையையே தொடுவதில்லை. இதைச் சின்ன விடயம் என்று ஆண்கள் நினைக்கலாம். கண்ணிவெடிப் பலகை நாட்டிய பற்றைகளுக்கு அருகில் விறகு பொறுக்கும் பெண்களும் பிள்ளைகளும் அப்படி நினைக்கமாட்டார்கள்.

இயந்திரத்திற்குக் கடன் தரும் சங்கங்கள் விண்ணப்பத்தில் காணியின் அளவைக் கேட்கின்றன. அடுப்பு எப்படி என்றும் கேட்கட்டும். இரண்டு பானை வைக்கும் ‘அனகி’ மண் அடுப்பு இந்த நாட்டிலேயே உருவானது. அதன் விலையையும் கடனோடு சேர்த்துத் தருவது பெரிய காரியமல்ல.